அகதா வீட்டு ஆணியில் இரண்டு ரொட்டி

உள் அறையிலிருந்து ஒரு பெண் கதறினாள்.

அது சாதாரணக் கதறல் அல்ல. அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையில் இரண்டு முறை உடைந்து, கடைசியில் கூரைத் தகரத்தில் போய் முட்டி நின்ற கதறல். முன்னறையில் காலிக் கிண்ணத்தோடு நின்றிருந்த ஒப்தூலியாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்து வீட்டு அகதாவிடம் இரண்டு கை சர்க்கரை கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. பல நாட்டுக்காரர்கள் சுருட்டு ஆலை வேலைக்கு வந்து குடியேறிய எங்கள் ஈபோரில் மாலை ஆறு மணிக்கு எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. சாத்தியிருந்தால் உள்ளே யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று பொருள்.

கதறல் ஓய்ந்ததும் ஓர் ஆணின் குரல் கேட்டது.

"இது ரத்தம் படிந்த கைதான். ஆனால் உன் பெயரைத் தவிர வேறு எதையும் இந்தக் கை எழுதியதில்லை. சொல், என் உயிரே! நான் போகட்டுமா, சாகட்டுமா?"

மறுபடியும் அந்தப் பெண் கதறினாள். அடுத்து அந்த ஆணும் கதறினான். ஒப்தூலியா கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அன்று அவள் புருஷன் கசப்புக் காப்பிதான் குடித்தான். ஆனால் அவ்வளவு பெரிய செய்தியோடு வந்த காப்பியை எவன் குறை சொல்வான்?

இதை அவள் என்னிடம் அன்றைக்கே ஏழு முறை சொன்னாள். நான்காவது முறை சொன்னபோது ஒரு கத்தி வந்தது. ஏழாவது முறை அகதாவின் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது.

"நீ எட்டிப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாக்கணுமா என்ன? அந்தச் சத்தத்துக்குக் கூந்தல் அவுந்துதான்டி கிடக்கும்."

"ஆம்பள யாரு?"

"எனக்குக் காது இல்லையா? தோன் லிசார்தோ!"

அந்தக் குரலைத் தெரியாதவர் எங்கள் சுருட்டு ஆலையில் எவரும் இல்லை. 'தோன்' என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் லிசார்தோ எங்கள் வாசகர், வேலை நேரத்தில் எங்களுக்கு உரக்கப் படிப்பவர். முந்நூறு பேர் வரிசை வரிசையாகப் பலகை முன் உட்கார்ந்து இலையைச் சுருட்டும் கூடத்தின் நடுவில் ஓர் உயர்ந்த மேடை. அதன்மேல் அவர் நாற்காலி. காலையில் செய்தித்தாள் படிப்பார். மதியம் இரண்டரை மணிக்கு நாவல். எந்த நாவல் என்று நாங்கள்தான் வாக்களித்து முடிவு செய்வோம். அவரை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும்கூட நாங்கள்தான். முதலாளிக்கு அதில் பேச்சே கிடையாது.

காதலன் என்றால் "நான் போகட்டுமா, சாகட்டுமா" என்றுதான் பேசுவான் என்று நாங்கள் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தோம். இருபது வருடம் மதியம்தோறும் அதையே கேட்டால் வேறு எப்படி நம்புவது? எங்கள் ஆண்கள் பெண் கேட்கப் போகும்போது மண்டியிடுவார்கள். எங்கள் பெண்கள் சம்மதம் சொல்லும் முன் ஒரு முறை மயங்கி விழுவார்கள். ஒப்தூலியா தன் கல்யாணத்துக்கு முன் இரண்டு முறை மயங்கினாள். முதல் முறை தரை கரடுமுரடாக இருந்ததாம், திருப்தியாக இல்லையாம்.

ஆகவே அவள் கேட்ட வசனத்தில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வந்த சந்தேகம் வேறு. அகதாவா அழுதாள்?

அகதாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த வியப்பு புரியாது.

அவள் சிசிலிக்காரி. நாற்பது வயது. எட்டு வருடமாகக் கறுப்புத் தவிர வேறு நிறம் உடுத்தியதில்லை. என் பலகைக்கு வலப்புறம் அவள் பலகை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது சுருட்டு. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது. வாய் மட்டும் ஆலைக்கே அச்சம். அவள் புருஷன் தூரி நெஞ்சு நோயில் செத்தபோது சவப்பெட்டியின் பக்கத்தில் நேராக நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எங்கள் தெரு அதை மன்னிக்கவே இல்லை. கியூபாக்காரர்கள் அழுதார்கள், ஸ்பெயின்காரர்கள் அழுதார்கள், தூரியை ஒரு முறைகூடப் பார்த்திராத ரொட்டிக்காரன்கூட அழுதான். பெண்டாட்டி மட்டும் அழவில்லை. "கல்லு" என்று பெயர் வைத்தார்கள்.

அவள் ஏன் அழவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அவளுடைய அம்மா சிசிலியில் கூலிக்கு மாரடிக்கிறவள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் வந்து கூப்பிடும். ஏழு வயதிலிருந்து அகதாவும் கூடப் போனாள். நிலக்காரருக்கு ஒரு விதமான அழுகை, பச்சைக் குழந்தைக்கு ஒன்று, கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்கு இன்னொன்று. கூலி பாதிப் பாலாடைக் கட்டி. சில வீடுகளில் ஒரு கூடை ஆலிவ்.

"பதினெட்டு வயசுக்குள்ள ஊர்ல இருக்குற எல்லாருக்கும் அழுது முடிச்சிட்டேன்," என்று ஒருநாள் இலையை நீவிக்கொண்டே சொன்னாள். "தூரி செத்தப்ப உள்ள தேடிப் பாத்தேன். ஒண்ணும் மிச்சம் இல்ல. வித்த சரக்கை எடுத்து என் புருஷனுக்குப் போடவா? வெக்கமா இருந்துச்சு."

அப்படிப்பட்டவள் வீட்டிலிருந்து கதறல் கேட்டால் ஒப்தூலியா ஓடாமல் என்ன செய்வாள்? அதோடு அவள் கையில் இன்னொரு சாட்சியமும் இருந்தது. எங்கள் தெருவில் ரொட்டிக்காரன் விடியும்போதே வந்து, முழ நீள ரொட்டியை வாசற்கதவுப் பக்கத்தில் அடித்திருக்கும் ஆணியில் குத்திவிட்டுப் போவான். யார் வீட்டில் எத்தனை பேர் என்பது ஆணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தூரி போனதிலிருந்து அகதா வீட்டு ஆணியில் ஒரே ஒரு ரொட்டிதான். ஆறு வாரமாக இரண்டு.

"ஒத்தைப் பொம்பள எதுக்குடி ரெண்டு ரொட்டி திங்குறா?" என்று அதுவரை தெரு கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது விடை கிடைத்துவிட்டது.

விடை தவறு.

நடந்தது இதுதான். லிசார்தோவுக்குத் தங்கக் குரல். பிரபு பேசினால் பிரபு, கொலைகாரன் பேசினால் கொலைகாரன். ஆனால் ஒரு பெண் அழுதால் மட்டும் அவர் குரலில் ஆட்டுக்குட்டி வந்துவிடும். அப்போது நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த நாவலில் ஒர்தென்சியா என்ற அநாதைப் பெண். அவள் அநாதை அல்ல, தாய் உயிரோடுதான் இருக்கிறாள் என்று நாற்பது நாள் கழித்துத் தெரிந்தது. தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழும் இடத்தில் லிசார்தோ "மே..." என்று இழுத்தார். கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அகதா தலையைக்கூட நிமிர்த்தாமல், "பெத்தவளைக் கண்டுபிடிச்சாளா, பட்டியைக் கண்டுபிடிச்சாளா?" என்றாள். முந்நூறு பேர் சிரித்தார்கள். ஒர்தென்சியாவின் துயரம் அன்றோடு போயிற்று.

அன்று மாலை லிசார்தோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அகதாவின் வாசலில் நின்றார். ஐம்பத்திரண்டு வயது. மெலிந்த உடம்பு, ஒரே ஒரு வெள்ளைக் கோட்டு, விடுதியில் ஒரு சிறிய அறை. வேறு உலகம் கிடையாது.

"சிஞ்ஞோரா, நீங்க சிரிச்சது நியாயம். அப்போ அது எப்படி இருக்கணும்?"

அகதா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஒரு முறை அழுது காட்டினாள். சிசிலியை விட்டு வந்தபின் முதல் முறை. லிசார்தோ வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு வருவார். சமையலறையில் உட்கார்ந்து மறுநாள் படிக்கப்போகும் பகுதியை முதலில் அவர் படிப்பார். அழும் இடம் வந்ததும் அவள் அழுது காட்டுவாள். அவர் திரும்பச் செய்வார். அவள் "ஆடு" என்பாள். மறுபடி செய்வார். "இப்பக் கொஞ்சம் பெரிய ஆடு" என்பாள். நடுவில் பால் காப்பியும், வெண்ணெய் தடவி அழுத்திச் சுட்ட ரொட்டியும். இரண்டாவது ரொட்டி அதற்குத்தான்.

இதில் குற்றம் எங்கே என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். விதவை வீட்டுக்கு ஆண் வருவது குற்றமா? அது குற்றம்தான், ஆனால் சின்னக் குற்றம். வருடத்துக்கு நான்கு நடக்கும். பெரிய குற்றம் வேறு ஒன்று. நாளைய பகுதியை இன்றைக்கே ஒருவருக்குப் படித்துக் காட்டியது! எங்கள் ஆலையில் அதற்கு மன்னிப்பே கிடையாது. வாசகர் நாவலைத் தன் அறைக்குக் கொண்டுபோகலாம், தனியாகப் படித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு சொல் வெளியே கசிந்தால் மேடை போய்விடும். இவருக்கு முன்னால் இருந்தவர் நாவிதனிடம் வாய்தவறி, "கடைசியில் கல்யாணம் நடக்கும்" என்று சொல்லிவிட்டார். அவர் இப்போது ஜாக்சன்வில்லில் வீடு வீடாகச் சோப்பு விற்கிறார்.

போதாததற்கு, ஆட்டுக்குட்டிக் குரலைக் காரணம் காட்டி, இன்னொரு சுருட்டு ஊரான கீ வெஸ்ட்டிலிருந்து வேறு வாசகரை வரவழைக்க வேண்டும் என்று ஒரு மனு சுற்றிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வாக்கெடுப்பு. லிசார்தோவுக்கு இலை சுருட்டத் தெரியாது. சோப்பு விற்கும் தைரியமும் கிடையாது.

ஒப்தூலியா கேட்டது திங்கட்கிழமை. செவ்வாய் காலையில் ஆலை திறந்து பத்து நிமிடத்துக்குள் செய்தி மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டது. இலைக் காம்பு கிழிக்கும் பெண்கள் கீழ்த்தளத்திலிருந்து ஏதோ காரணம் சொல்லி மேலே வந்து அகதாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அகதா நிமிரவே இல்லை. நூற்றைம்பதில் முப்பது முடித்திருந்தாள்.

மதியம் இரண்டரை. லிசார்தோ மேடை ஏறினார்.

நாவலில் அப்போது நிலைமை படுமோசம். ஒர்தென்சியாவைப் பிரபுவின் காரியக்காரன் கிணற்றில் தள்ளி நான்கு நாள் ஆகியிருந்தது. எங்கள் ஆலையில் பாதிப் பேர் கடவுள் இல்லை என்கிற கட்சி. அந்த நான்கு நாளும் மாதா கோயிலில் எரிந்த மெழுகுவர்த்திகளில் பாதி அவர்கள் ஏற்றியதுதான். செவ்வாயன்று காதலன் ரமீரோ காரியக்காரனைக் கொன்றுவிட்டு ஓடி வந்து, கிணற்றுக் கட்டில் கையூன்றி உள்ளே குனிகிறான்.

"இது ரத்தம் படிந்த கைதான்," என்று படித்தார் லிசார்தோ. "ஆனால் உன் பெயரைத் தவிர வேறு எதையும் இந்தக் கை எழுதியதில்லை."

இலை வெட்டும் முந்நூறு கத்தியும் பலகைமேல் அப்படியே நின்றன.

"சொல், என் உயிரே! நான் போகட்டுமா, சாகட்டுமா?"

அடுத்து ஒர்தென்சியாவின் தாய் கதறும் இடம். லிசார்தோ கதறினார். அம்மம்மா! ஆடு இல்லை, குட்டி இல்லை. பெற்ற வயிறு! எந்த நாளிலும் அதற்கு முந்நூறு கத்தியும் பலகையைத் தட்டித் தட்டிக் கூடமே அதிர்ந்திருக்கும். அன்று ஒருவரும் தட்டவில்லை. ஒப்தூலியா எழுந்து நின்றாள்.

"இது நான் நேத்து கேட்ட கதறல்! நேத்து கேட்ட வசனம்! நேத்தே கேட்டேன்!"

உடனே கூடம் இரண்டாகப் பிரிந்தது. அகதாவின் சொந்தக் கதையை லிசார்தோ நாவலுக்குள் நுழைத்துவிட்டார் என்று ஒரு கட்சி. நாளைய பகுதியை அவளுக்கு முன்னாலேயே படித்துக் காட்டிவிட்டார் என்று இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு லிசார்தோமேல் கோபம். இரண்டாவது கட்சிக்கு இருவர்மேலும் கோபம், கூடவே வயிற்றெரிச்சல்.

"நாம எல்லாம் நாலு நாளா கிணத்தடியிலயே நிக்கிறோம். அவ மட்டும் ஒரு நாள் முன்னாடியே ரமீரோ வந்து குனியறதைக் கேட்டுட்டா!" என்று ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டாள்.

வாசிப்புக் குழு அன்று மாலையே விசாரிப்பது என்று முடிவாயிற்று. குழுவில் மூன்று பேர். ஒரு ஸ்பெயின்காரர், ஒரு சிசிலிக்காரர், ஒரு கியூபாக்காரி. எந்த முடிவும் எடுக்கப்படாமல் இருப்பதற்காகவே செய்த ஏற்பாடு. கியூபாக்காரி நம் ஒப்தூலியாவேதான். குழுவில் யாருடைய கையெழுத்தும் அடுத்தவருக்குப் புரியாததால், குறிப்பு எழுதும் வேலை எனக்கு.

ஆலை விட்டதும் அகதாவோடு நடந்தேன். மணல் தெருவில் சேவல்கள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. அவள்தான் அப்போது எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வாரத்தையும்.

"உண்மையைச் சொல்லிடேன்," என்றேன்.

"உண்மையைச் சொன்னா அந்த மனுஷனோட மேடை போயிரும். பொய் சொன்னா என் மானம் போயிரும்."

"எது உனக்கு முக்கியம்?"

குறுக்கே வந்த சேவலைக் காலால் ஒதுக்கினாள். "மானத்தை எட்டு வருஷமா வீட்டுக்குள்ள வச்சிருக்கேன். ஒரு நாளாவது அது என்கூட உக்காந்து காப்பி குடிச்சிருக்கா?"

ஆறு மணிக்குக் குழு வந்தது. கதவு வழக்கம்போலத் திறந்தே இருந்தது. முன்னறைச் சுவரில் கறுப்பு நாடா கட்டிய தூரியின் படம். அதன் கீழே மூன்று நாற்காலி. சிசிலிக்காரர் கலோஜெரோ செத்துப்போன தூரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பீப்பாய் மாதிரி உடம்பு. உட்காரும் முன் படத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்கடா தூரி, இது ஆபீஸ் விஷயம்," என்றார்.

ஸ்பெயின்காரர் தோன் ஃபாவிலா மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார். கீ வெஸ்ட் மனுவின் தகப்பன் அவர்தான். "சிஞ்ஞோரா, சுருக்கமா முடிச்சிடலாம். தோன் லிசார்தோ இங்க வர்றாரா?"

"வர்றாரு."

"எத்தனை நாளா?"

"ஆறு வாரமா."

"ரொட்டிக் கணக்கு சரியா இருக்கு," என்றாள் ஒப்தூலியா.

"இன்னிக்கு வந்தாரா?"

சமையலறையில் ஒரு கோப்பை தட்டில் மோதி நடுங்கியது.

"உள்ளதான் இருக்காரு. காப்பி ஆறிடும்னு உக்காரச் சொன்னேன்."

கலோஜெரோ முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எதுக்குத் தங்கச்சி வர்றாரு? அண்ணன் கேக்குறேன், சொல்லு."

நான் பேனாவைத் தாளில் வைத்தேன். அகதா சுவரில் இருந்த தூரியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"என்னைக் கல்யாணம் கட்டிக்கக் கேட்டாரு."

சமையலறையில் கோப்பை விழுந்து உடைந்தது.

"ஆறு வாரமாவா கேட்டாரு?" என்றார் ஃபாவிலா.

"வசனம் நீளமா பேசுற மனுஷன். கேட்டு முடிக்க அத்தனை நாளாச்சு."

"சரி. கல்யாணம் உங்க சொந்த விஷயம். ஆனா இன்னிக்கு மதியம் நாவல்ல வந்த வசனத்தை ஒப்தூலியா நேத்து சாயங்காலமே இங்க கேட்டிருக்காங்க. அதுக்கு என்ன பதில்?"

இதுதான் இடம். இதற்குச் சரியான பதில் இல்லாவிட்டால் லிசார்தோவின் மேடை போய்விடும். அகதா மெல்ல எழுந்தாள்.

"நாவல்ல வர்ற வசனமா? எனக்கு எப்படி அது தெரியும் தோன் ஃபாவிலா? நாப்பது வயசுப் பொம்பள. எட்டு வருஷமா என்கிட்ட ஒரு ஆம்பள 'சௌக்கியமா'ன்னு கேட்டதில்ல. ஒருத்தர் வந்து 'என் உயிரே'ன்னாரு. 'போகட்டுமா, சாகட்டுமா'ன்னாரு. எனக்காகவே நெஞ்சுல இருந்து வந்த வார்த்தைன்னு நினைச்சேன். சந்தோஷத்துல அழுதேன். அது ஒப்தூலியா காதுல விழுந்திருக்கு. இன்னிக்கு ரெண்டரை மணிக்கு, முந்நூறு பேரு முன்னால, அதே வார்த்தையை..." குரல் தடுமாறியது. "அதே வார்த்தையைக் கிணத்துக்குள்ள கிடக்குறவளுக்குச் சொல்றாரு!"

அவள் அழத் தொடங்கினாள்.

அவள் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். ஆரம்பத்தில் அது அவள் அம்மாவிடம் கற்ற அழுகைதான் என்று எனக்குத் தெரிந்தது. நிலக்காரர் வீட்டுக்குரியது, முழுப் பாலாடைக் கட்டிக்குத் தகுந்தது. மூச்சை நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள், உடைக்கும் இடத்தில் உடைத்தாள். ஆனால் பாதி வழியில் அது வேறு எங்கேயோ உடைந்தது. எந்தச் சாவு வீட்டுக்கும் பொருந்தாத ஒரு சத்தம். அவள் படத்தைப் பார்த்தாள். "தூரி," என்றாள். அதற்குப் பிறகு அவளால் நிறுத்தவே முடியவில்லை.

கலோஜெரோ பீப்பாய் முழுக்கக் குலுங்கி அழுதார். ஃபாவிலா கண்ணாடியைக் கழற்றினார். நான் எழுதிய தாளில் மை கரைந்தது.

"எட்டு வருஷ பாக்கியையும் ஒரே மூச்சுல அழுதுட்டாடி," என்று ஒப்தூலியா என் காதில் விசும்பினாள். "கல்லுன்னு நான்தான் முதல்ல சொன்னேன். என் நாக்குல புண்ணு வரட்டும்."

குழு கொதித்து எழுந்தது. குற்றவாளி இப்போது வேறு ஆள். லிசார்தோ சமையலறை வாசலில் நின்றிருந்தார், கோட்டில் காப்பிக் கறையோடு.

"வாருமய்யா," என்றார் கலோஜெரோ. "ஒரு விதவைகிட்ட அடுத்தவன் எழுதின வசனத்தைப் பேசினீரா? வெக்கமா இல்ல? என் தம்பி வீட்டுப் பொம்பளைக்குச் சொந்தமா ரெண்டு வார்த்தை கிடையாதா உம்மகிட்ட? சொல்லும் இப்பவே!"

லிசார்தோ அகதாவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அந்தப் பொய்யை அவர் அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கையை நெஞ்சில் வைத்து, மேடைக் குரலில் தொடங்கினார்.

"என் இருளில் உதித்த ஒற்றை விண்மீனே..."

"அது போன வருஷ நாவல்!" என்றாள் ஒப்தூலியா.

லிசார்தோ மறு கையையும் நெஞ்சில் வைத்தார். "உன் விழியென்னும் கடலில் என் படகு..."

"அது கடற்கொள்ளைக்காரன் கதை. அவன் தூக்குல தொங்குறதுக்கு முந்தின நாள் சொல்றது," என்றார் ஃபாவிலா. அவருக்கு எல்லாப் பக்கமும் மனப்பாடம்.

இருபது வருடம் எங்களுக்காகப் பேசிய மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் ஒரு குரல் வந்தது. கரகரப்பாக, சின்னதாக, மேடையே ஏறாத குரல்.

"அகதா... என் ரூம்ல என்னைத் திட்ட யாரும் இல்ல. இங்க வந்தா நீ ஆடுன்னு திட்டுற. போற வழியெல்லாம் அதை நினைச்சுச் சிரிச்சிக்கிட்டே போறேன். அப்புறம்... காப்பி நல்லா இருக்கு. கோப்பையை உடைச்சிட்டேன். வேற வாங்கித் தர்றேன்."

நாங்கள் காத்திருந்தோம். ஒப்தூலியா நெற்றியைச் சுருக்கி நினைவில் உள்ள நாவல்களையெல்லாம் துழாவினாள்.

"இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்லையே!" என்றாள் பயந்துபோனவள் மாதிரி.

கலோஜெரோ உள்பையிலிருந்து தன் கத்தியை எடுத்து நாற்காலிக் கையில் மூன்று முறை தட்டினார். ஆலையில் நாங்கள் பாராட்டும் விதம் அது. ஃபாவிலாவிடம் கத்தி இல்லை. கண்ணாடிக் கூட்டால் தட்டினார். குழு ஆரம்பித்த நாளிலிருந்து முதல் முறையாக மூவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். நான் எழுதினேன்: வாசகர் ரகசியத்தை வெளியிடவில்லை. திருடினார். திருடியது நூலாசிரியரிடம், ஆலையிடம் அல்ல. ஆகவே மேடை அவருக்கே.

"அந்த மனு?" என்று ஃபாவிலாவிடம் கேட்டேன்.

"எந்த மனு?" என்றார் அவர் மூக்கைச் சிந்தியபடி. "அந்தத் தாய் இன்னிக்குக் கதறினது இன்னும் என் காதுல நிக்குது. கீ வெஸ்ட்ல எவனுக்கு அப்படி வரும்?"

வாசற்படியில் கலோஜெரோ திரும்பினார். "வர்ற ஞாயித்துக்கிழமைலேருந்து கறுப்பை விட்டுடு தங்கச்சி. தூரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஒப்புக்குச் சொன்ன பொய் அகதாவின் முகத்தில் ஏறிச் சிவந்துகொண்டிருந்தது. லிசார்தோ குனிந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாக, மிக மெதுவாக. நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே.

நானும் குழுவின் இரண்டு ஆண்களும் தெருவில் இறங்கிவிட்டோம். எதிர்ச்சாரி வீடுகளில் எல்லா வாசலிலும் ஆட்கள். ஒப்தூலியா மட்டும் வாசலிலேயே நின்றாள். அவள் கையில் நேற்றைய அதே காலிக் கிண்ணம். அதை எப்போது கொண்டுவந்தாள் என்று எனக்கே தெரியாது.

"கொஞ்சம் சர்க்கரை," என்றாள்.

அகதா உள்ளே போய்க் கிண்ணம் நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒப்தூலியா நகரவில்லை. குரலைத் தணித்தாள். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்டி. நேத்து கதறினது சந்தோஷத்துல கதறின கதறல் இல்ல. அது கிடக்கட்டும், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லு என் ராசாத்தி. ஒர்தென்சியா கிணத்துல இருந்து உசுரோட வர்றாளா?"

"நாளைக்கு ரெண்டரை மணிக்கு ஆலையில படிப்பாங்க, ஒப்தூலியா."

"வாயைத் திறக்க வேணாம்டி. தலையை மட்டும் ஆட்டேன்!"

அகதா தலையை ஆட்டவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தையும் ஒப்தூலியாவையும் படியில் இறங்கவிட்டாள். பிறகு, மாலை ஆறரை மணிக்கு, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கதவைச் சாத்தினாள்.

உள்ளே யாரும் சாகவில்லை.